உருண்டைப் பித்தளையில் டிரை பிலிம்: நாலு வருஷ அனுபவம்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. பால்காய்ச்சு, கல்யாணம் என்று தமிழ்நாடு, கேரள எல்லையின் இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள், டம்ளரிலும் சொம்பிலும் மூக்கு வைத்த கிண்டியிலும் பெயரும் கொடிக்கோலமும் கேட்பார்கள், தமிழிலும் வேண்டும் மலையாளத்திலும் வேண்டும். உளியால் வெட்டிக்கொண்டிருந்த நான் டிரை பிலிமும் பெரிக் குளோரைடுமாக மாறி நாலு வருஷம் ஆகிறது. டிரை பிலிம் என்பது வெளிச்சம் பட்டால் இறுகும் மெல்லிய ஏடு, பாத்திரத்தில் ஒட்டி, மேலே படத்தை வைத்து வெளிச்சம் காட்டி, வெளிச்சம் படாத இடத்தைக் கரைத்து எடுக்க வேண்டும் (அதுதான் டெவலப்), திறந்து தெரியும் பித்தளையைப் பெரிக் குளோரைடு கரைசல் அரிக்கும் (அதுதான் எட்சிங்). தட்டைத் தகட்டுக்கு வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், உருண்டைப் பாத்திரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

டம்ளர் சுலபம். நேர் உருளையோ கூம்போ, இரண்டையும் காகிதம் போல விரித்துவிடலாம், ஆகவே 38 மைக்ரான் பிலிம் சுருக்கமில்லாமல் உட்காரும். அழுக்குதான் எதிரி. நிலவிளக்குக்கு மெருகு போடும் பெரியவர் ஒருவர் ஆரம்பத்திலேயே சொன்னார், "தண்ணி நிக்காத இடத்துல பிலிமும் நிக்காது மக்களே" என்று. இன்றுவரை அதுதான் என் சோதனை. புளி போட்டுத் தேய்த்து, சோப்புப் பவுடரால் கழுவி, தூக்கிப் பிடித்தால் தண்ணீர் ஒரே ஏடாகப் பரவி நிற்க வேண்டும். எங்கேயாவது முத்தாக உருண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது, மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

முதல் வருஷம் என்னைப் படுத்தியது கொடியின் இரண்டு நுனியும் சேரும் இடம். டம்ளரின் விட்டம் 76 மி.மீ., சுற்றளவு 238.8. அந்த அளவுக்கே படத்தை அச்சடித்துச் சுற்றினேன், முனைகள் சேரவில்லை, ஒவ்வொரு டம்ளரிலும் கொடி அறுந்து தெரிந்தது. கணக்கு போட்டபோதுதான் புரிந்தது, பிலிமின் கனமே சுற்றளவில் கால் மில்லிமீட்டர் கூட்டுகிறது, டெவலப் செய்யும் வரை உரிக்காமல் விடும் மேல் உறை அதற்கு மேலும் கூட்டுகிறது. இப்போது பிலிம் ஒட்டிய பிறகு ஒரு காகிதத் துண்டைச் சுற்றி அளந்துதான் படம் வரைகிறேன். வாய் அகன்ற டம்ளர் என்றால் அந்தத் துண்டு விசிறி மாதிரி வளையும், படத்தையும் அதே வளைவில் வரைய வேண்டும்.

அப்புறம் வெளிச்சம். விளக்குக்கு எதிரே டம்ளரைச் சும்மா நிறுத்தினால் ஓரங்களில் வெளிச்சம் சாய்ந்து விழுந்து கோடு மங்கிவிடும். கறுப்பு அட்டையில் 10 மி.மீ. கீறல் விட்டு, அதன் பின்னால் டம்ளரை மெதுவாகச் சுழற்றுகிறேன், நேராக விழும் வெளிச்சம் மட்டும் பிலிமைத் தொடும். டெவலப் செய்ய லிட்டருக்கு 10 கிராம் சலவை சோடா போதும்.

எட்சிங் கீழ்நோக்கி மட்டும் அரிக்காது, பக்கவாட்டிலும் அரிக்கும். ஒரு கல்யாணத்துக்கு எழுதிய பெயரில் மூன்று சுழி ண வந்தது, மூன்று சுழியும் கலந்து ஒரே குழியாகிவிட்டது. அந்தத் தொகுதி முழுவதையும் திரும்பச் செய்து கொடுத்தேன், மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது. அதிலிருந்து எழுத்தை வேண்டிய தடிமனைவிட மெலிதாக வரைகிறேன், ஆழம் 0.1 மி.மீ.க்கு மேல் போவதில்லை. டம்ளரைப் படுக்கவைத்து மோட்டாரில் உருட்டினால் கசடு ஒரே இடத்தில் தங்காது. பழைய கரைசலில் செம்பு கரைந்திருக்கும், ஓடையில் கொட்டினால் மீன் சாகும். சலவை சோடா போட்டுச் செம்பைப் படியவைத்து, வண்டலைத் தனி டப்பாவில் மூடி வைக்கிறேன்.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் பிலிம் சுருளுக்கு இடம் பிரிட்ஜ்தான். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் மேலே நீர் பூத்துவிடும்.

சொம்பின் வயிறு வேறு கதை. பந்தின் தோலை உரித்துத் தட்டையாக வைக்க முடியாது இல்லையா, பிலிமும் அங்கே மடிந்தே தீரும். ஆறு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டேன். இப்போது திரவ ரெசிஸ்டில், அதாவது பிலிமின் வேலையையே செய்யும் திரவப் பூச்சில், முக்கி, மோட்டாரால் மெதுவாக, ஒரே வேகத்தில் மேலே தூக்குகிறேன், படத்தை எட்டு இதழாக வெட்டி ஒட்டுகிறேன். அடியில் சொட்டுத் தேங்கித் தடிக்கும், அந்த இடத்தில் கோலம் வைப்பதில்லை. கிண்டியின் மூக்குக்கு இதுவும் பிடிபடவில்லை, அங்கே மட்டும் தார் வார்னிஷைத் தொட்டு மெல்லிய தூரிகையால் கையாலேயே வரைகிறேன்.