வார்த்தை அட்டைச் செயலியோடு மூன்று வருடம்: ‘சாங்ஷன்’ தந்த கோபமும் ‘சார்ஜ்’ தந்த சந்தோஷமும்

சந்தா விலை பாதியாகக் குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பன் நேற்றுக் கேட்டான். ஆங்கில வார்த்தைகளை அட்டை அட்டையாகக் காட்டி, மறக்கப்போகிற நேரம் பார்த்து மறுபடி காட்டுமே, அந்த வகைச் செயலி. எப்படி வேலை செய்யும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூன்று வருடமாகத் தினமும் பயன்படுத்துகிறேன். ஒரே ஒரு விஷயத்தில் அதன்மேல் கோபம், அது இன்னும் ஆறவில்லை.

ஒரு வார்த்தைக்கு ஒரே அட்டை, ஒரு அட்டைக்கு ஒரே பொருள். அதுதான் பிரச்சினை.

போன வருடம் அலுவலகத்தில் ஒரு நிறுவனத்தைப் பற்றிய நீளமான அறிக்கையை அரைப் பக்கமாகச் சுருக்கித் தரச் சொன்னார்கள். அந்த நிறுவனம் இரண்டு முறை ‘சாங்ஷன்’ செய்யப்பட்டதாக அதில் ஒரு வரி. லோன் சாங்ஷன் ஆகிவிட்டது என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைதானே? ‘இரண்டு முறை ஒப்புதல் பெற்ற நிறுவனம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மையில் அது விதிமீறலுக்காக இரண்டு முறை தண்டிக்கப்பட்ட நிறுவனம். மேலதிகாரி அந்த வரியின் கீழே கோடு போட்டு, மூல அறிக்கையையும் சேர்த்து, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து செயலியில் தேடினேன். சாங்ஷன்: ஒப்புதல் அளித்தல். பக்கத்தில் பச்சை டிக். முதல் தடவையே சரியாகச் சொல்லியிருந்ததால் அதைத் ‘தெரிந்தவை’ பெட்டிக்குள் போட்டு மூடியிருந்தது. ஒப்புதல், தண்டனை என்று எதிரெதிரான இரண்டும் அந்த ஒரே வார்த்தைக்குள் இருக்கின்றன என்பதை ஒருநாளும் சொல்லவில்லை. தெரியாத வார்த்தை என்றால் அகராதியைப் புரட்டியிருப்பேன். தெரியும் என்று நம்ப வைத்துவிட்டதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். அபூர்வமான, நீளமான வார்த்தைகளுக்கு இந்த முறை அருமையாக வேலை செய்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஓரிரு பொருள்தான், ஓர் அட்டை போதும். சிக்கல் எல்லாம் குட்டி வார்த்தைகளில்தான். 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் ‘செட்’ என்ற வினைக்கு மட்டும் 430 பொருள். பிறகு நடந்த திருத்தத்தில் ‘ரன்’ அதையும் தாண்டி 645இல் போய் நின்றது. ‘ரன் என்றால் ஓடு’ என்று படித்துவிட்டு டிக் வாங்குவது எவ்வளவு பெரிய ஏமாற்றம், பாருங்கள்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் நானே அட்டை செய்ய ஆரம்பித்தேன். செயலி அதற்கு இடம் கொடுக்கிறது, அந்த நன்றி எனக்கு உண்டு. முன்பக்கம் தனி வார்த்தை எழுதுவதில்லை, நான் படித்த முழு வாக்கியத்தையே எழுதுகிறேன். ஒரு வார்த்தை புதிய பொருளில் கண்ணில் பட்டால் அதற்குத் தனி அட்டை. அப்படிச் செய்துகொண்டிருந்தபோதுதான் ‘சார்ஜ்’ வந்தது.

போனுக்குப் போடும் சார்ஜ், கடையில் வாங்கும் சார்ஜ், புது அதிகாரி எடுக்கும் சார்ஜ், போலீஸ் பதியும் சார்ஜ். நான்கு அட்டையையும் திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இந்த வார்த்தையின் வேர் லத்தீனில் வண்டியைக் குறிக்கும் சொல். வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் பழைய பொருள். அது தெரிந்ததும் நான்கையும் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: மின்னேற்றம் செய்கிறோம், கட்டணம் சுமத்துகிறோம், பொறுப்பு ஏற்கிறோம், குற்றம் சுமத்துகிறோம். எல்லாமே ஏற்றுவதும் சுமப்பதும்தான்! நம் மொழி அதே பாரத்தை அதே மாதிரி ஏற்றி வைத்திருப்பதைப் பார்த்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. குதிரைப்படை பாய்ந்து தாக்கும் சார்ஜ் மட்டும் இந்த வரிசையில் உட்கார மறுத்தது. அதைத் தனியாகத்தான் மனப்பாடம் செய்தேன்.

எல்லா வார்த்தையிலும் இப்படி வேர் தேடிப் போகவும் கூடாது. ‘பேங்க்’ என்றால் வங்கி, ஆற்றங்கரையும்கூட. இரண்டையும் கதை கட்டி இணைக்க ஒரு வாரம் வீணாக்கினேன். பண பேங்க் இத்தாலிய மொழியில் பெஞ்சைக் குறிக்கும் சொல் வழியாக வந்தது, ஆற்று பேங்க் ஆங்கிலத்துக்குள் வேறு பாதையில் நுழைந்தது. நம் ‘ஆறு’ எண்ணாகவும் நதியாகவும் இருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் பிடிப்பது, பஸ்ஸைப் பிடிப்பது, ஒருவரைப் பிடித்துப்போவது என்று ‘பிடி’ கிளை விடுகிறதே, அது வேறு சங்கதி. நல்ல அகராதிகள் ‘பேங்க்’ போன்றவற்றின் தலையில் 1, 2 என்று சின்ன எண் போட்டுத் தனித்தனிப் பதிவாகவே வைக்கும். அந்த எண்ணைப் பார்த்தால் வேர் தேடாதீர்கள், தனித்தனியாகப் படித்துவிடுங்கள்.

தொல்காப்பியத்தின் உரியியலில் ‘கடி’ என்ற ஒரு சொல்லுக்குக் கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, அச்சம் என்று பத்துப் பொருளை அடுக்கியிருக்கிறது. ஒரு சொல்லை எப்படிப் படிக்க வேண்டும் என்பது நமக்கு எப்போதோ தெரிந்த விஷயம். இத்தனை வசதி உள்ள செயலிக்கு ‘இன்னும் பொருள் உண்டு’ என்று ஒரு மூலையில் குறிப்புப் போட முடியாதா? மூன்று தடவை எழுதிக் கேட்டுவிட்டேன். மூன்று தடவையும் நன்றி சொல்லி ஒரே மாதிரிப் பதில்தான் வந்தது.

இவ்வளவு பாராட்டியும், நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். இலவசப் பதிப்பிலேயே சொந்த அட்டை செய்துகொள்ளலாம். காசு கொடுத்தால் கிடைப்பது அவர்கள் செய்து வைத்த அட்டைகள், எனக்கு ‘சாங்ஷன்’ கற்றுக்கொடுத்த அதே அட்டைகள். என்னுடைய வாக்கிய அட்டைகளை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். ‘சார்ஜ்’ நான்கும் முதலில் இருக்கின்றன.