அக்டோபர் வந்தால் ஒட்டிக்கொள்ளும் வால்வு

லண்டன் ஹாரோவில் எங்கள் அடுத்த தெருவில் வீடு வாங்கியிருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணா, ரேடியேட்டருக்கெல்லாம் தெர்மோஸ்டாட் வால்வு போடலாமா, உங்க வீட்டில எப்படி?" பாய்லர் சூடாக்கும் தண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகைதான் ரேடியேட்டர், அறை போதுமான அளவு சூடானதும் அந்தத் தண்ணீரைத் தானாக மூடுவது இந்த வால்வு. நல்ல நேரம் பார்த்துக் கேட்டார். மாடி அறைத் தரையில் உட்கார்ந்து, வால்வின் தலையை, அதாவது எண் போட்ட திருகு குமிழைக் கழற்றி வைத்துவிட்டு, சுத்தியலின் மரப்பிடியால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தேன்.

நாலு வருடமாக ஒவ்வொரு அக்டோபரிலும் இதுதான். தலையை எடுத்தால் நடுவில் ஒரு சின்ன ஊசி தெரியும், கோடை முழுக்க அது அமுங்கியே கிடந்து உள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. பாய்லர் ஓடுகிறது, குழாய் வால்வு வரை கொதிக்கிறது, ரேடியேட்டர் மட்டும் ஐஸ். கோடையில் தலையை 5-இல், அதாவது முழுக்கத் திறந்து விட்டுவைத்தால் ஒட்டாது என்பார்கள். நானும் விடுகிறேன், ஆறில் ஒன்று எப்படியும் ஒட்டுகிறது! குறடால் மெதுவாகப் பிடித்து ஒரு மில்லிமீட்டர் மேலும் கீழும் அசைக்க வேண்டும், அமுக்கி விட்டால் தானாக எழும்பினால் சரி. ஆத்திரத்தில் பிடுங்கினால் ஊசி கையோடு வந்துவிடலாம், பின்னாலேயே தண்ணீரும்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, தண்ணீரை ஹோஸ் வழியாக வெளியே வடிக்க வேண்டும். வடிந்துவிட்டது என்று நம்பி நட்டைத் திறந்தேன், ரேடியேட்டரின் அடியில் மிச்சம் இருந்த மை போன்ற கறுப்புத் தண்ணீர் கார்ப்பெட்டில் கொட்டியது, கறை இன்றும் இருக்கிறது. ஸ்பானர் இரண்டு வேண்டும்: ஒன்றால் வால்வின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டுதான் இன்னொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும். தண்ணீரை நிரப்பும்போது துரு தடுப்பு மருந்தையும் மறக்காமல் ஊற்ற வேண்டும்.

கீழ்த்தளத்தை ஒரு பிளம்பரிடம் விட்டேன். அவர் ஹாலிலும் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். வீடு சூடானதும் பாய்லரை நிறுத்துகிற, சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட்டும் அதே ஹாலில்தான்! வால்வு 20 டிகிரியில் மூடிக்கொள்ள, தெர்மோஸ்டாட் 21-க்குக் காத்திருக்க, பாய்லர் ராத்திரி முழுக்க ஓடியது. காசு வாங்கிய ஆளுக்கு இதுகூடத் தெரியாதா? ஹால் வால்வின் தலையைக் கழற்றி வீசி, அது எப்போதும் திறந்தே இருக்கும்படி விட்ட பிறகுதான் சரியானது. அப்புறம்தான் புரிந்தது, எல்லா வால்வும் மூடிக்கொண்டால் பம்ப் தள்ளுகிற தண்ணீருக்கு ஒரு வழி வேண்டும், அதற்கும் இந்தத் திறந்த ரேடியேட்டர்தான் உதவுகிறது.

ஆனால் குறை மட்டுமே சொன்னால் பாவம். பேட்டரி இல்லை, ஆப் இல்லை, தலைக்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து ஊசியை அமுக்குகிறது, அவ்வளவுதான். எண் கூடினால் சூடு கூடும்: அம்மா அறை 4, போர்வையை உதைத்துத் தள்ளுகிற பையன் அறை 2. முன்பெல்லாம் இதற்கே தினமும் சண்டை, இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. வால்வின் தலையைத் திரைச்சீலை மூடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இருந்தும் நண்பரிடம் "வேண்டாம், போடாதீங்க" என்றேன். முழங்கால் வலி அப்படி. சாயங்காலம் ஊசி கிளம்பி ரேடியேட்டர் சுட ஆரம்பித்தது, ராத்திரி அவர் வந்தபோது ஸ்பானர் இரண்டையும் கொடுத்து அனுப்பினேன்.