சிவப்பு மறு: லேசரா, மருந்தா, விட்டுவிடலாமா?

கொழிஞ்சாம்பாறையில் என் அக்காவின் கைக்குழந்தைக்கு, அவள் பிறந்த பத்தாம் நாள் கன்னத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டு மாதத்தில் இலந்தைப்பழம் போல உப்பிவிட்டது. "கிரகணத்துல வெளிய போனியா புள்ள?" என்று பாட்டி ஆரம்பித்தார். வாளையார் தாண்டிக் கோவைக்குப் போய் லேசர் வைத்துவிடு என்றார் ஒருவர். திருச்சூரில் மருந்தே போதும் என்கிறார்கள் என்றார் இன்னொருவர்.

இருவர் சொன்னதும் சரியாகலாம். அது எந்த மறு என்பதுதான் கேள்வி.

பிறந்த பிறகு தோன்றிப் புடைத்து வளர்வது ஹெமான்ஜியோமா. ஐந்து மாதத்துக்குள் பெரும்பாலும் வளர்ந்து முடித்து, பிறகு வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கும். முதுகிலோ தொடையிலோ சின்னதாக இருந்தால் சும்மா விடலாம். கண், உதடு, மூக்குப் பக்கம் என்றால் காத்திருக்கக் கூடாது. இதற்கு என் ஓட்டு மருந்துக்கே. புரோப்ரனலால் பழைய இதய மருந்து. இந்தக் கட்டியைச் சுருக்குகிறது என்று 2008இல் பிரான்சின் போர்தோ மருத்துவர்கள் கண்டார்கள். ஆபத்து இல்லாமல் இல்லை: சர்க்கரை இறங்கலாம், நாடி குறையலாம், மூச்சிளைப்பு வரலாம். 'பால் குடிச்ச பிறகுதான். வாந்தி எடுத்தா அன்னைக்கு நிறுத்து, டாக்டருக்குப் போன்' என்று அக்கா அடுப்படிக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தாள். இதில் லேசர் இரண்டாம் பட்சம். இந்த மறுக்களுக்கு வைக்கும் சாயலேசரின் (dye laser) ஒளி ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இறங்கும், ஆழமான கட்டியை எட்டாது. வளரும் கட்டியில் வைத்தால் புண்ணாகித் தழும்பு விழலாம். சுருங்கிய பின் மிஞ்சும் சிவப்புக்கு வேண்டுமானால் வைக்கலாம்.

பிறக்கும்போதே பீட்ரூட் சாறு சிந்தியது போலத் தட்டையாக இருப்பது போர்ட் ஒயின் கறை. அது தானாகப் போகாது. வயதாக ஆகக் கறுத்துத் தடிக்கும். புரோப்ரனலால் இதற்கு உதவாது. இங்கே லேசர்தான், பல தடவை. வைத்த இடம் ஒன்றிரண்டு வாரம் கன்றிப்போய் ஊதாவாக இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கொப்புளத்துக்கும் நிறமாற்றத்துக்கும். நம் மாநிறத் தோலின் மெலனினும் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் முதலில் ஒரு ஓரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கைக்குழந்தை என்றால் பிடித்துக்கொண்டே லேசரை முடித்துவிடலாம். ஓடியாடும் வயதில் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும். மூன்று வயதுக்குள் அதைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்து ஆணையம் 2016இல் எச்சரித்தது. முகம் என்றால் கண்ணுக்குக் கவசம் கட்டாயம். கறை நெற்றியிலோ மேல் இமையிலோ இருந்தால் லேசருக்குத் தேதி வாங்கும் முன் கண் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள், நரம்பு மருத்துவரையும்; அந்த இடத்துக் கறையோடு கண்ணிலும் மூளையிலும் கோளாறு சேர்ந்து இருக்கலாம்.