3,800 ரூபாய் தராசும் அப்பாவின் நுரையீரல் நீரும்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கும் ஒரு மருத்துவச் சாமான் கடையில் ஏழு மாதத்துக்கு முன்பு அப்பாவுக்காக நான்கு பொருள் வாங்கினேன். விரலில் மாட்டும் ஒட்சிசன் மீட்டர், பிரஷர் மெஷின், முதுகுக்கு வைக்கும் சாய்வுத் தலையணை, நிறை பார்க்கும் டிஜிட்டல் தராசு. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று பின்னேரமே போய் வாங்கியது. நான்கிலும் மலிவு தராசுதான், 3,800 ரூபாய். துண்டில் 'தினமும் காலை நிறை பார்க்கவும்' என்று எழுதியிருந்ததால் மட்டும் எடுத்தேன். உண்மையைச் சொன்னால் அதை ஒரு சம்பிரதாயம் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு மற்ற மூன்றையும் திருப்பிக் கொடு, ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் தராசைத்தான் வைத்துக்கொள்வேன்.

ஏன் என்று சொல்ல முதலில் அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும். வயது 74. மூன்று மாதமாக இருமல், படி ஏறினால் இளைப்பு. ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம், முட்டு (ஆஸ்துமா) என்று சொல்லி இன்ஹேலர் தந்தார்கள். கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், பிறகு திரும்ப வரும். படுத்தால்தான் கூட என்று அப்பா சொன்னதை நாங்கள் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. முதலில் ஒரு தலையணை, பிறகு இரண்டு, பிறகு மூன்று, கடைசியில் ஹோலில் இருக்கும் சாய்மனைக் கதிரைக்கே படுக்கை மாறிவிட்டது. இரவு பதினொரு மணிக்குக் கண்ணயர்ந்தால் ஒரு மணி, இரண்டு மணிக்குத் திடுக்கிட்டு எழும்பி ஜன்னலைத் திறந்துவிட்டு நிற்பார். "கடல் காத்து நல்லம் எண்டு நிக்கிறன்" என்பார். கால் வீங்கியிருந்ததையும் அம்மா கண்டார், ஆனால் நெடுக இருந்து டீவி பார்ப்பதால் என்று நினைத்துவிட்டார்.

ஒரு நாள் விடியப்புறம் அந்த ஜன்னல் காற்றும் போதவில்லை. உடம்பெல்லாம் வியர்வை, வாயில் நுரைச் சளி, ஒரு வசனம் முழுதாகப் பேச முடியவில்லை. 1990க்கு அடித்தோம். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் தொடங்கியபோது இது எத்தனை நாளைக்கு ஓடப்போகிறது என்று கிண்டல் பண்ணியவன் நான், அதையும் இங்கே எழுதிவைக்கிறேன். வந்தவர்கள் படுக்க வைக்காமல் நிமிர்த்தி இருத்தியே ஒட்சிசன் வைத்துக் கொண்டுபோனார்கள்.

வோர்டில் டொக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை தலையணை வைச்சுப் படுக்கிறவர்?" நான் விழித்தேன். எக்ஸ்ரேயைக் காட்டி, அரைத் தமிழிலும் அரைச் சிங்களத்திலுமாக அவர் விளங்கப்படுத்தியது இதுதான். இருதயத்தின் இடப்பக்கம் நுரையீரலில் இருந்து வரும் இரத்தத்தை வாங்கி உடம்புக்குத் தள்ள வேண்டும். அது சோர்ந்துபோனால், அதுதான் இருதயச் செயலிழப்பு, இரத்தம் முன்னால் போகாமல் பின்னால் தேங்கும், பின்னால் இருப்பது நுரையீரல். வெள்ளவத்தைக் கால்வாயை நினைத்துப் பாருங்கள் என்றார். கடலோடு சேரும் வாயில் மணல் மூடிக்கொண்டால், மழை பெய்கிற அன்று தண்ணீர் எங்கே வரும்? ஒழுங்கைக்குள்தான். நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறியதும் அதில் உள்ள நீர் சுவர் வழியாகக் கசியும், முதலில் இழையங்களுக்கு நடுவே, பிறகு காற்று நிறைய வேண்டிய அறைகளுக்குள்ளேயே. சாதாரணமாக அங்கே அழுத்தம் 12 மில்லிமீற்றர் பாதரசத்துக்குள் இருக்குமாம், ஏறத்தாழ 18ஐத் தாண்டினால் கசிவு தொடங்கும், 25 அளவில் அறைகள் நனையும். மெதுவாக மாதக் கணக்கில் ஏறினால் நிணநீர்க் குழாய்கள் கொஞ்சம் வடித்துச் சமாளிக்கும், அப்பா மூன்று மாதம் தாக்குப்பிடித்தது அப்படித்தான். எக்கோ என்கிற இருதய ஸ்கேனில் பார்த்தால், அவருடைய இருதயம் தன்னுள் நிறைந்த இரத்தத்தில் ஒரு துடிப்புக்குத் தள்ளுவது 35 வீதம், 55க்கு மேல் இருக்க வேண்டியது. படுத்தால் ஏன் கூடுகிறது என்றும் அன்றைக்குத்தான் விளங்கியது. நின்றுகொண்டிருக்கும்போது காலில் கிடக்கும் இரத்தமும் வீக்கத்து நீரும் படுத்தவுடன் நெஞ்சுக்குத் திரும்பி வருகிறது, ஏற்கனவே தள்ள முடியாமல் நிற்கும் இருதயத்துக்கு இன்னும் சுமை. சளி இல்லை, முட்டும் இல்லை. இந்த நோயில் வரும் இளைப்பு முட்டு மாதிரியே விசில் அடிக்கும், அதனால் ஏமாறுவது வழக்கம் என்றார். அந்தக் கிளினிக் மீது இருந்த கோபம் எனக்கு முழுதாகப் போகவில்லை, பாதி போனது.

சிறுநீரைப் போக்கும் பியூரோசமைட் ஊசி போட்டார்கள். சலம் போகத் தொடங்கியதும் இளைப்புக் குறையத் தொடங்கியது. ஐந்து நாளில் அப்பாவின் நிறை 71இல் இருந்து 66க்கு வந்தது. ஐந்து கிலோ! அது கொழுப்பும் இல்லை, தசையும் இல்லை. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ, ஆக ஐந்து லீற்றரை அந்த மனுசன் உடம்புக்குள் வைத்துக்கொண்டு காலி வீதியில் மரக்கறி வாங்க நடந்திருக்கிறார். நேர்ஸ் அக்கா சொன்னதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்: "இந்த 66ஐ நினைவில வைச்சிருங்கோ. ஒரு நாளில ஒரு கிலோ, மூண்டு நாளில ரெண்டு கிலோ கூடினா இளைப்பு வரும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காம எங்கட கிளினிக்குக்கு அடியுங்கோ."

சரி, தராசுக்கு வருவோம். கறுத்தக் கண்ணாடித் தட்டு, நூறு கிராம் நூறு கிராமாகக் காட்டுகிறது, ஏறி நின்றதும் தானே ஒளிர்கிறது. பொத்தான் இல்லாதது வயதானவர்களுக்கு நல்லது. கண்ணாடி வழுக்குகிறது என்பது பெரிய குறை, ஈரக் காலோடு ஏறவே கூடாது, நாங்கள் சுவரோரம் வைத்திருக்கிறோம், அப்பா சமநிலைக்கு ஒரு விரலைச் சுவரில் வைப்பார், சாய்ந்தால் நிறை குறைத்துக் காட்டும் என்பதால் எண் நிற்கும் நேரத்தில் விரலை எடுக்கச் சொல்லி அம்மா சத்தம் போடுவார். இலக்கம் ஏழெட்டு விநாடியில் அணைந்துவிடுகிறது, அப்பா கண்ணாடியைத் தேடி மூக்கில் வைப்பதற்குள் போய்விடும், ஆகவே வாசிப்பது அம்மாவின் வேலை. பாய், கம்பளம் மேலே வைத்தால் கண்டபடி காட்டுகிறது, டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் வைத்தால் ஒழுங்கு. ஒரு மாதம் பொறுத்து பேட்டரி இறங்கியபோது இரண்டு நாள் இலக்கம் ஆடியது. கடையில் உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்த துண்டைக் கொண்டுபோனால், பேட்டரிக்கு அது இல்லை என்றார்கள், அது நியாயம்தான். ஆனால் கதைத்த விதம் நியாயமில்லை.

காலையில் எழுந்து சலம் போய்விட்டு, தேநீருக்கு முன்பு, அதே சாரத்தோடு. இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா நகைக்கடைக் கலண்டரில் அந்தந்தத் திகதியின் மூலையில் எழுதிவிடுவார், நல்ல நேரத்துக்கும் ராகுகாலத்துக்கும் நடுவில் 66.2, 66.0, 66.4 என்று. வாசிக்கத் தெரிந்தால் அது ஒரு நாட்குறிப்பு. உறவினர் கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் 66.9, கருவாட்டுக் குழம்பு வைத்த ஞாயிறுக்குப் பிறகு 66.8, உப்பு நீரைப் பிடித்து வைக்கும் என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்காத அப்பா, கலண்டர் சொன்னதும் மோர் மிளகாயைத் தள்ளி வைத்தார். மாசிச் சம்பலை மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

தராசு தன் விலையைத் திருப்பித் தந்தது மூன்றாம் மாதத்தில். முழங்கால் நோ என்று அப்பா தானே பாமசிக்குப் போய் டைக்ளோஃபெனாக் குளிசை வாங்கிப் போட்டிருக்கிறார், ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்குத் தெரியாது. திங்கள் 66.3, செவ்வாய் 67.1, புதன் 67.9, வியாழன் 68.6. இளைப்பு இல்லை, கால் வீக்கமும் இல்லை, நன்றாகத் தூங்குகிறார், விரலில் மாட்டினால் ஒட்சிசன் 97. அம்மா மட்டும் கலண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கிளினிக்குக்கு அடித்தால் அங்கே முதல் கேள்வி, "ஏதும் நோ மருந்து போட்டவரோ?" அந்த வகைக் குளிசைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும், சலம் போக்கும் மருந்தின் வேலையையும் குறைக்கும், இருதயம் பலவீனமானவர்களுக்கு ஆகவே ஆகாது என்றார்கள். அதை நிறுத்தி, மூன்று நாளைக்குப் பியூரோசமைட்டைக் கூட்டி, பொட்டாசியம் பார்க்க ஒரு இரத்தப் பரிசோதனை, ஞாயிற்றுக்கிழமை 66.5. ஆஸ்பத்திரி இல்லை, அம்புலன்ஸ் இல்லை.

மற்றச் சாமான்களுக்கும் இரண்டு வரி. ஒட்சிசன் மீட்டர் கெட்டதல்ல, ஆனால் அது குறையும்போது நீர் ஏற்கனவே நுரையீரலுக்குள் வந்துவிட்டது. விரல் குளிர்ந்திருந்தால் பொய் சொல்லும், அம்மா தன் மருதாணி விரலில் மாட்டிப் பார்த்துப் பயந்த கதை தனி. பிரஷர் மெஷின் தேவை, அதில் சொல்ல ஒன்றுமில்லை. சாய்வுத் தலையணை 6,500 ரூபாய், கொழும்புப் புழுக்கத்துக்கு அந்த ரெக்ஸின் உறை முதுகில் ஒட்டுகிறது, அப்பா இரண்டாம் நாளே பருத்தித் தலையணைக்கு மாறிவிட்டார். இப்போது அவர் ஒன்றில்தான் படுக்கிறார் என்பதால் அது அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.

தராசை நம்பி மட்டும் இருக்காதீர்கள் என்பதையும் சொல்லவேண்டும். மாரடைப்பு வந்தாலோ பிரஷர் திடீரென்று எகிறினாலோ, உடம்பில் ஏற்கனவே இருக்கும் நீரே சில மணி நேரத்தில் நுரையீரலுக்கு இடம் மாறிவிடும், அன்று காலை தராசு ஒன்றுமே காட்டியிருக்காது. இன்னொன்று, சாப்பாடு இறங்காமல் சதை கரைபவர்களுக்கு, சதை குறைவதும் நீர் கூடுவதும் ஒன்றையொன்று மறைத்து இலக்கம் அசையாமல் நிற்கலாம். அதனால் அம்மா தினமும் கணுக்காலையும் விரலால் அமத்திப் பார்ப்பார், குழி நிற்கிறதா என்று. குறைத்து எழுதுவது என் நோக்கமில்லை, ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், அந்த ஒன்று வழுக்கலுக்கும் அணையும் இலக்கத்துக்கும்.

போன கிழமை கொட்டாஞ்சேனை மாமிக்கும் இதே பிரச்சினை என்று அறிந்து ஒன்று வாங்கப் போனேன். அதே மாதிரித் தராசு விற்று முடிந்துவிட்டது, வேறு ஒன்று காட்டினார்கள். சில மலிவுத் தராசுகளில் ஒரு கள்ளத்தனம் உண்டு. உடனே திரும்ப ஏறினால், வித்தியாசம் சின்னதாக இருந்தால் புதிதாக அளக்காமல் முந்திய எண்ணையே காட்டிவிடும், எவ்வளவு துல்லியம் என்று நாம் மெச்சுவதற்கு. அரைக் கிலோ நீரைக் கண்டுபிடிக்க வாங்குகிறவனுக்கு அது உதவாது. ஆகவே ஒரு 200 கிராம் தேயிலைப் பக்கட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். வெறுங்கையோடு ஏறினேன், 78.4. தேயிலையோடு ஏறினேன், 78.4. கடைப் பெடியன் சிரித்துவிட்டு, "அண்ணை, தேயிலை வறண்டுபோச்சோ?" என்று கேட்டான். மூன்றாவதாக எடுத்துத் தந்த தராசு தேயிலையோடு 78.6 காட்டியது, அதை மாமிக்கு வாங்கினேன்.