ஐந்து அளவு, ஒரு தாள்: காசநோய் இறப்பில்லாத் திட்டம் எப்படி இருக்கிறது?

மருத்துவக் கல்லூரித் துறைகள் வெளியிடும் சாதனைப் பட்டியலில் பதக்கம், மாநாட்டுக் கட்டுரை, புதுக் கருவி என்று நிறைய இருக்கும். பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வரும் நோயாளிக்கு அதனால் என்ன பயன் என்று கேட்டால் பதில் இழுக்கும். 2022-இல் தமிழ்நாடு அரசும், சென்னையில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் அந்த ரகமில்லை. எடை மெஷின், உயரம் அளக்கும் டேப், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் ஆக்சிமீட்டர், அளவுகளை எழுத ஒரு தாள் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடலாம்.

காசநோய் உறுதியானதும் ஐந்து விஷயம் பார்க்கிறார்கள். பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 14 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா. 16 வரை இருந்து இரண்டு காலும் வீங்கியிருக்கிறதா. மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டுகிறதா. ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே போகிறதா. பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமல் போகிறதா. ஒன்று சிக்கினாலும் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. டாக்டர் முழுதாகப் பார்த்து வார்டில் சேர்க்க வேண்டும். காசநோய்ச் சாவுகளில் பெரும்பங்கு சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்துக்குள் நேர்வதுதான் இந்த அவசரத்துக்குக் காரணம். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு பி.எம்.ஐ. 14 என்றால் சுமார் 36 கிலோ. மெலிந்த உடம்பு என்று கண் பழகிவிட்ட ஊரில் அந்த 36 கிலோ யாருக்கும் உறுத்தாது. எண்ணாக எழுதினால்தான் உறுத்தும்.

தாளுக்கு ஐந்துக்கு ஐந்து தரலாம். அளக்கும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

மூச்சைப் பாருங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது பலருக்கும் கைவந்த குறுக்குவழி. 6 மூச்சு என்றால் 24, தப்பித்தார். 7 என்றால் 28, அட்மிஷன். ஒரே ஒரு மூச்சை விட்டுவிட்டால் தீர்ப்பு தலைகீழ். முழு நிமிடம், நோயாளிக்குத் தெரியாமல், நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவதே சரி. ஆக்சிமீட்டர் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் சில்லிட்ட விரலில் தப்பாகக் காட்டலாம், நகப்பூச்சும் ஏமாற்றும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஆடாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். வீக்கத்துக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலைச் சில விநாடி அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். உயரத்தை வாயால் கேட்டு எழுதுவது கூடவே கூடாது.

எடை இன்னொரு கணக்குக்கும் வேண்டும். தினசரி மாத்திரை 25–34 கிலோவுக்கு 2, 35–49-க்கு 3, 50–64-க்கு 4, 65–75-க்கு 5. வரம்பின் விளிம்பில் இருப்பவருக்கு மெஷின் ஒரு கிலோ தப்பினால் மாத்திரை ஒன்று கூடும் அல்லது குறையும். உடம்பு தேறத் தேற எடை போட்டு இதைத் திருத்தவும் வேண்டும்.

வார்டில் உறவினர் செய்யும் தப்பு ஒன்று உண்டு: எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு முதல் நாளே பிரியாணி. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் சோறு திடீரென்று இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயமே தடுமாறும். முதலில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. பிறகு கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, முட்டை, கடலை என்று ஏற்றலாம். சாப்பாடும் மருந்துதான் என்பதற்கு 2023-இல் லான்செட் குளோபல் ஹெல்த் மருத்துவ இதழில் வந்த ஜார்க்கண்ட் ஆய்வு சாட்சி: முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீத எடை கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அரசு தரும் சத்துணவுத் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய், முட்டைக்கும் பாலுக்கும் ஆகும். வங்கிக் கணக்கில் சிக்கல் என்றால் அதுவும் தாமதமாகலாம். சேர்ந்த வாரமே பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் மூட்டை கட்டும் முன் மையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். நிக்ஷய் எண்ணை (அரசின் காசநோய்ப் பதிவேட்டில் உங்களுக்குள்ள எண்) குறித்து வைத்துக்கொண்டால் போகிற ஊர் அரசு மையத்தில் மாத்திரை தொடரும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பதற வேண்டாம். அது காசநோய் மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். ஆனால் கண் மஞ்சளானால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.