ஈசா நபியும் இயேசுவும்: சேர்த்து வைக்க மூணு வழி, எது எங்க போய் முட்டுது

கிறிஸ்தவமும் இஸ்லாமும் கொள்கை அளவுல ஒத்துப்போகுமான்னு கேட்டா நம்ம பக்கம் ரெண்டே பதில்தான் வரும். ஒண்ணு, "எல்லா சாமியும் ஒண்ணுதாங்க, நாமதான் பிரிச்சு வெச்சிருக்கோம்". இன்னொண்ணு, "வாய்ப்பே இல்ல, ஆயிரம் வருஷமா அடிச்சுக்கிறாங்க". முதல் ஆள் பைபிளும் படிச்சிருக்க மாட்டார் குர்ஆனும் படிச்சிருக்க மாட்டார், ரெண்டாவது ஆள் சிலுவைப் போர் பத்தி ரெண்டு வீடியோ பாத்திருப்பார், அவ்ளோதான். ஆனா நெசமாவே உக்காந்து இத சேர்க்கப் பாத்தவங்க வரலாறு முழுக்க இருக்காங்க. அவங்க போன பாதைய மூணா பிரிக்கலாம்: ரெண்டையும் கலந்து ஒண்ணாக்கிடறது, ஒத்துப்போறத மட்டும் எழுதி கையெழுத்துப் போட்டுட்டு மிச்சத்த தொடாம விடறது, இல்லன்னா ஒத்துப்போகாதத நடுவுல வெச்சுக்கிட்டே பேசறது. என் ஓட்டு மூணாவதுக்குத்தான். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி எது ஒத்துப்போகுது எது போகலன்னு பாத்துடுவோம்.

ஒத்துப்போறது நாம நினைக்கிறத விட ரொம்ப அதிகம். குர்ஆன்ல பேர் சொல்லி வர்ற ஒரே பெண் மர்யம், அதாவது கிறிஸ்தவங்க சொல்ற மாதா. 19வது அத்தியாயத்துக்குப் பேரே மர்யம்தான். வானவர் வந்து சேதி சொல்றது, புருஷன் இல்லாம பிள்ளை உண்டாகறது, ஊரு ஏசறது எல்லாம் அதுல இருக்கு. பைபிள்ல இல்லாத ஒரு இடமும் இருக்கு, பேரீச்ச மரத்தடியில பிரசவ வலி வந்து "இதுக்கு முன்னாடியே நான் செத்திருக்கக் கூடாதா"ன்னு மர்யம் கதறுவாங்க, படிச்சா மனசு என்னவோ பண்ணும். குஷ்டரோகி சுகமாறது, குருடர் பாக்கறது, செத்தவர் எழுந்திரிக்கறது எல்லாம் "அல்லாஹ்வின் அனுமதியால்"ங்கிற ஒரு வரியோட குர்ஆன்லயும் வருது. மஸீஹ் (மெசியா)ங்கிற பட்டமும் உண்டு, கடைசி காலத்துல திரும்பி வருவார்ங்கிற நம்பிக்கையும் உண்டு. ஈசா நபிய, அதாவது இயேசுவ, மறுத்துட்டு ஒருத்தர் முஸ்லிமா இருக்கவே முடியாது. ஆனா முஹம்மது நபிய மறுத்துட்டு கிறிஸ்தவரா இருக்கலாம், சொல்லப்போனா அப்படித்தான் இருக்காங்க. இந்த ஏற்றத்தாழ்வ யாரும் பேசறதில்ல, "நாங்க உங்காளை மதிக்கிறோம், நீங்க எங்காளை மதிக்கலையே"ன்னு முஸ்லிம் நண்பர்கள் கேக்கறப்ப கிறிஸ்தவங்க முழிக்கிறது இங்கதான்.

எங்க முட்டுதுன்னு கேட்டா எல்லாரும் உடனே திரித்துவத்தக் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கிற கிறிஸ்தவக் கொள்கைய) காட்டுவாங்க. "மூன்று என்று சொல்லாதீர்கள்"னு குர்ஆன் 4:171 சொல்லுது, "அவன் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை"ன்னு 112வது அத்தியாயம். அந்தப் பக்கம் 325ல நிக்கேயா சங்கம் கூடி, குமாரன் பிதாவால ஜெனிப்பிக்கப்பட்டவர், படைக்கப்பட்டவர் இல்லன்னு விசுவாசப் பிரமாணமே எழுதி வெச்சிருச்சு. பாக்க நேருக்கு நேர் மோதுற மாதிரிதான் இருக்கு. ஆனா உள்ள போனா கொஞ்சம் இடம் கிடைக்கும். மூணு கடவுள்னு எந்த சபையும் சொல்றதில்ல, உடம்பால பெத்தார்னும் சொல்றதில்ல, "நீங்க மறுக்கற அந்த மூணு நாங்க சொல்ற திரித்துவமே இல்லையே"ன்னு கிறிஸ்தவர் வாதாடலாம், வாதாடியும் இருக்காங்க. அதே மாதிரி குர்ஆன் படைக்கப்பட்டதா, இறைவனோட பேச்சா ஆதியிலிருந்தே இருக்கறதான்னு முஸ்லிம்களுக்குள்ளயே பெரிய சண்டை நடந்துச்சு. 833ல கலீஃபா மஃமூன் "படைக்கப்பட்டதுன்னு ஒத்துக்கோ"ன்னு உலமாக்கள (மார்க்க அறிஞர்கள) விசாரணைல நிறுத்தினார், இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் ஒத்துக்காம ஜெயிலுக்குப் போனார், அடியும் வாங்கினார். கடைசியில சுன்னி உலகத்துல ஜெயிச்சது அவர் பக்கம்தான். கடவுளோட வார்த்தை கடவுளோட எப்பவும் இருந்ததாங்கிற அதே கேள்வி ரெண்டு வீட்டுலயும் ஓடியிருக்கு பாருங்க. அதனாலதான் இயேசுவ முஹம்மது நபியோட ஒப்பிடறத விட குர்ஆனோட ஒப்பிடறதுதான் சரின்னு அறிஞர்கள் சொல்றாங்க, எனக்கும் அது நியாயமாத்தான் படுது.

சிலுவைல அந்த மாதிரி இடமே கிடையாது. குர்ஆன் 4:157 தெளிவா சொல்லுது, அவங்க அவரைக் கொல்லவும் இல்ல, சிலுவைல அறையவும் இல்ல, அவங்களுக்கு அப்படித் தோணும்படி ஆச்சு. இயேசுவோட தூதர் (அப்போஸ்தலர்) பவுல் கொரிந்து ஊர் சபைக்கு எழுதறப்ப கிறிஸ்து எழுந்திருக்கலன்னா எங்க பிரசங்கமும் வீண், உங்க விசுவாசமும் வீண்னு எழுதறார். சாகாதவர் எப்படி எழுந்திருப்பார்? திரித்துவம்ங்கிறது கடவுள் எப்படிப்பட்டவர்ங்கிற தத்துவம், அதுக்கு ஆயிரம் விளக்கம் சொல்லலாம். சிலுவை ஒரு வெள்ளிக்கிழமை எருசலேம்ல நடந்ததா நடக்கலையாங்கிற விஷயம், அதுல பாதி ஆமா பாதி இல்லன்னு சொல்ல முடியாது. பாதி சொல்லிப் பாத்தவங்க அஹ்மதியாக்கள்ங்கிற ஒரு பிரிவு, சிலுவைல ஏத்தினாங்க ஆனா சாகல, மயங்கினவரை இறக்கிக் காப்பாத்தினாங்க, அப்புறம் காஷ்மீர் வந்து வயசாகி இறந்தார், ஸ்ரீநகர் ரோஸாபல்ல அடக்கம்னு சொல்றாங்க. கிறிஸ்தவங்களும் ஏத்துக்கல, மத்த முஸ்லிம்களும் ஏத்துக்கல.

சிலுவை எதுக்குங்கிற கேள்வியிலயும் பிரிவு இருக்கு. ஆதாம் தப்பு பண்ணார், தவ்பா செஞ்சார் (மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டார்), இறைவன் மன்னிச்சுட்டான், விஷயம் முடிஞ்சுதுங்கறது குர்ஆன். ஒருத்தர் சுமைய இன்னொருத்தர் சுமக்க மாட்டார்னு பல இடத்துல திரும்பத் திரும்ப சொல்லுது. கிறிஸ்தவத்துல அந்த முதல் பாவம் மனுஷ குலத்தையே பிடிச்சிருக்கு, இன்னொருத்தர் சுமந்ததுதான் நற்செய்தியே. (கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் இத மேற்குச் சபையோட இறையியலாளர் அகுஸ்தீன் மாதிரி அவ்ளோ கறாரா சொல்றதில்ல, அது வேற கதை.)

இப்ப முதல் வழி, கலந்துடறது. இதுக்கு உலகத்துலயே பெரிய உதாரணம் ஸ்பெயின்ல கிரனாடா. 1492ல அந்த ஊர் கிறிஸ்தவ ராஜாக்கள் கைக்குப் போச்சு, கொஞ்ச வருஷத்துல முஸ்லிம்கள கட்டாயமா மதம் மாத்தினாங்க, அப்படி மாறினவங்களுக்கு மோரிஸ்கோன்னு பேரு. 1567ல அரபி பேசக்கூட தடை, அதனால கலவரம், அத அடக்கறதுல ரத்த ஆறு. இந்த நிலைமைல 1588ல பழைய பள்ளிவாசல் மினாரை இடிக்கறப்ப ஒரு ஈயப் பெட்டி கிடைக்குது, உள்ள தோல் ஏடு. 1595லேர்ந்து பக்கத்துக் குன்றுல ஈயத் தகடு தகடா புத்தகங்கள் கிடைக்குது, வினோதமான அரபி எழுத்து. முதல் நூற்றாண்டுல அப்போஸ்தலர் காலத்து ஆட்கள், அதுலயும் அரபிகள், எழுதி வெச்சதாம். அதுல "கடவுளைத் தவிர வேறு கடவுள் இல்லை, இயேசு கடவுளின் ஆவி"ன்னு ஒரு வாசகம். முஸ்லிம்களோட விசுவாச உறுதிமொழியான கலிமா மாதிரியே இருக்கு, கடைசில மட்டும் இயேசு. ரூஹுல்லாஹ், அதாவது கடவுளின் ஆவின்னு ஈசா நபிய முஸ்லிம்களும் சொல்வாங்கங்கறதால அதுவும் உறுத்தாது. திரித்துவம்னு எங்கயும் வெளிப்படையா வராது, மாதாவே அரபு மக்களை உயர்த்திப் பேசுவாங்க. எழுதினவங்க மூளைக்காரங்கப்பா.

கிரனாடா ஆர்ச்பிஷப் பெத்ரோ தெ காஸ்த்ரோ அப்படியே நம்பி, அந்தக் குன்றுல மடமே கட்டினார், சாக்ரோமாந்தே மடம் இன்னைக்கும் இருக்கு. கூத்து என்னன்னா முதல்ல கிடைச்ச தோல் ஏட்டுல, முதல் நூற்றாண்டுதுன்னு சொல்றதுல, பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிஷ் இருந்துச்சு! இத மொழிபெயர்க்கக் கூப்பிட்ட மிகேல் தெ லூனா, அலோன்ஸோ தெல் காஸ்தியோ ரெண்டு பேருமே மோரிஸ்கோக்கள், எழுதினதே அவங்களாத்தான் இருக்கணும்னு இன்னைக்கு பல ஆய்வாளர்கள் சந்தேகப்படறாங்க. தன் ஜனத்த நாட்டை விட்டு விரட்டிடக்கூடாதுங்கிற தவிப்புல பண்ணின போர்ஜரின்னு பாத்தா கோவம் வரல எனக்கு. ஆனா பலிக்கல. 1609லேர்ந்து மோரிஸ்கோக்கள் லட்சக்கணக்குல நாடு கடத்தப்பட்டாங்க, 1682ல ரோம் அந்த ஈயப் புத்தகங்கள் பொய்னு கண்டனம் பண்ணிடுச்சு, 2000ல தான் அதெல்லாம் வத்திக்கான்லேர்ந்து கிரனாடாவுக்குத் திரும்பி வந்துச்சு.

இயேசுவோட சீடர் பர்னபா எழுதினதாச் சொல்ற பர்னபா சுவிசேஷம்னு நம்மூர் விவாத மேடைகள்ல அடிக்கடி தூக்கிக் காட்டுவாங்களே, அதுவும் கிட்டத்தட்ட இதே வகைதான். கைல இருக்கறது இத்தாலிய மொழி ஏடும் ஸ்பானிஷும்தான், ஜூபிலிங்கிற புனித ஆண்டு நூறு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வேற அதுல வருது, அந்தக் கணக்கு 1300ல போப் எட்டாம் போனிஃபாஸ் போட்டது. சுவிசேஷங்கள மட்டுமில்ல குர்ஆனையும் அது மீறுது, ஏன்னா அதுல இயேசு தான் மெசியா இல்லன்னுவார், குர்ஆன் அவரை மஸீஹ்னே கூப்பிடுது. நைஜீரியா லாகோஸ்ல பைபிளும் குர்ஆனும் ரெண்டையும் வெச்சு தொழற கிறிஸ்லாம் குழுக்கள் 1970கள்லேர்ந்து இருக்கு, யோருபா மக்கள் ஒரே குடும்பத்துல ரெண்டு மதமும் இருந்து பழகினவங்க, அவங்களுக்கு அது இயல்பா இருக்கலாம். ஆனா ரெண்டு பக்கத்துப் பெரும்பான்மையும் அவங்கள சேத்துக்கறதில்ல. கலந்தா கிடைக்கறது சமரசம் இல்ல, மூணாவதா ஒரு மதம்.

ரெண்டாவது வழி ரொம்ப நாகரிகமானது. 1442ல ஃபிளாரன்ஸ் சங்கத்துல சபைக்கு வெளிய ஒருத்தருக்கும் மீட்பு இல்லன்னு அடிச்சு சொன்ன அதே கத்தோலிக்க சபை, 1964லயும் 65லயும் ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல, முஸ்லிம்கள் எங்களோட சேர்ந்து ஒரே இரக்கமுள்ள கடவுளை ஆராதிக்கறாங்க, அவங்கள மதிப்போட பாக்கறோம்னு எழுதிச்சு. சின்ன மாற்றம் இல்ல இது. 2006ல போப் பெனடிக்ட் ஜெர்மனியில ரேகன்ஸ்பர்க்ல பேசறப்ப பழைய பைசாந்திய பேரரசர் ஒருத்தர் முஹம்மது நபியக் குறை சொன்ன மேற்கோள எடுத்து விட, உலகம் பூரா கொந்தளிப்பு. அடுத்த வருஷம் அக்டோபர் 13ம் தேதி 138 முஸ்லிம் அறிஞர்கள் போப்புக்கும் மத்த சபைத் தலைவர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பினாங்க. "எங்களுக்கும் உங்களுக்கும் பொதுவான ஒரு சொல்லுக்கு வாருங்கள்"ங்கிற குர்ஆன் 3:64தான் அடிப்படை, கடவுள்கிட்ட அன்பு, பக்கத்து வீட்டான்கிட்ட அன்பு, இந்த ரெண்டும் உங்ககிட்டயும் இருக்கு எங்ககிட்டயும் இருக்குன்னு. கொந்தளிப்புக்குப் பதிலா அப்படி ஒரு கடிதம் எழுதினதுக்கே அவங்களுக்கு ஒரு சல்யூட். யேல் பல்கலைக்கழகத்துலேர்ந்து கிறிஸ்தவ அறிஞர்கள் சிலுவைப் போருக்கு மன்னிப்புக் கேட்டே பதில் எழுதினாங்க.

ஆனா அந்தக் கடிதத்துல சிலுவை பத்தி வாதமே கிடையாது. அன்புங்கிற இடத்துல சேரலாம், அது நெசம். ஆனா சேர்ந்தது நடத்தைல, நம்பிக்கைல இல்ல. அதோட பலவீனம் எப்பத் தெரியும்னா மேல இருக்கறவங்க போட்ட கையெழுத்து கீழ வர்றப்ப. 2015 டிசம்பர்ல அமெரிக்கால வீட்டன் காலேஜ்ங்கிற இவாஞ்சலிக்கல் கல்லூரிப் பேராசிரியை ஒருத்தர், முஸ்லிம்களுக்கு ஆதரவா ஹிஜாப் போட்டு, நாம கும்பிடறது ஒரே கடவுளைத்தான்னு பதிவு போட்டார். கல்லூரி விடுப்புல அனுப்பிச்சு, ரெண்டு மாசத்துல அவர் வேலைய விட்டு விலகற அளவுக்குப் போச்சு.

மூணாவது வழிக்குப் போவோம், பாக்தாத், 780களோட ஆரம்பம். கிழக்குச் சபைங்கிற பழைய கிறிஸ்தவ சபையோட பேட்ரியார்க் (தலைமை ஆயர்) முதலாம் திமொத்தேயு கலீஃபா மஹ்தி அரண்மனைல உக்காந்திருக்கார், ரெண்டு நாள் கேள்வி பதில். நாட்டை ஆளறவர் கேக்கறார், குடிமகன் பதில் சொல்றார், அதனால இத சரிசமமான விவாதம்னு சொல்ல மாட்டேன், பதிவு பண்ணினதும் பேட்ரியார்க்கேதான். முஹம்மத பத்தி என்ன நினைக்கறன்னு கலீஃபா கேட்டதும், "அவர் நபிமார்கள் போன பாதையில நடந்தார்"ங்கறார். நபின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல, ஆனா மரியாதை குறையாம, பல தெய்வத்த விட்டு ஒரே தெய்வத்துக்கு ஜனத்தக் கூட்டிட்டு வந்தாரேன்னு காரணமும் சொல்றார்.

சிலுவைக்கு வந்தப்ப கலீஃபா அந்த 4:157ஐ எடுக்கறார். திமொத்தேயு நழுவல, குர்ஆனையே திருப்பி எடுக்கறார், மர்யம் அத்தியாயத்துல தொட்டில் குழந்தையா ஈசா சொல்ற வரிய: நான் பிறந்த நாளிலும், நான் மரணிக்கும் நாளிலும், உயிரோடு எழுப்பப்படும் நாளிலும் என் மேல் சாந்தி. மரணிக்கும் நாள்னு உங்க வேதமே சொல்லுதேங்கறார். முஸ்லிம் பக்கம் இதுக்குத் தெளிவான பதில் இருக்கு, அது திரும்பி வந்தப்புறம் வரப்போற மரணம், அவர் டமாஸ்கஸ் கிழக்குல வெள்ளை மினாராகிட்ட இறங்குவார், வாழ்ந்து அப்புறம்தான் இறப்பார்ங்கறது ஹதீஸ் (நபியோட சொற்களோட தொகுப்பு). யாரும் யாரையும் மாத்தல. ஆனா எங்க பிரியறோம்ங்கறது ரெண்டு பேருக்கும் துல்லியமாத் தெரிஞ்சுது, அடுத்தவன் வேதத்த படிச்சுட்டு வந்து பேசினாங்க. இந்த அளவுக்கு இன்னைக்கு நம்ம யூடியூப் விவாதங்கள்ல யாரும் பேசல, அங்க ஜெயிக்கறதுதான் குறி.

அபுதாபில 2023ல திறந்த ஆபிரகாமிய குடும்ப இல்லத்தையும் நான் இந்த மூணாவதுலதான் சேப்பேன். ஒரே உலக மதம் வருது, அந்திக்கிறிஸ்து வர்றான்னு வாட்ஸ்அப்ல பீதி கிளப்பினாங்களே, அதான். போய்ப் பாத்தா பள்ளிவாசல், சர்ச், யூத ஜெபாலயம் மூணும் தனித்தனிக் கட்டடம், ஒரே அளவு கனசதுரம், தனித்தனி வாசல்.

நம்ம ஊர்ல நாலாவதா ஒண்ணு இருக்கு, கொள்கையவே கேக்காத வழி. நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவுல அரை மணி நேர பஸ் தூரம்தான், நேர்ச்சை வெச்சவங்க ரெண்டுக்கும் போவாங்க, யாரும் திரித்துவம் கேக்கறதில்ல. அழகுதான். ஆனா தர்காவே ஷிர்க் (இறைவனுக்கு இணை வைக்கறது)னு தவ்ஹீத் (ஏகத்துவ) இயக்கத் தம்பி சொல்வார், மாதா சொரூபமே விக்ரகம்னு பெந்தெகொஸ்தே பாஸ்டர் சொல்வார், கொள்கைல நெசமாவே ஒத்துப்போறது இவங்க ரெண்டு பேரும்தான்னு நினைச்சா சிரிப்பு வருது.

இதெல்லாம் நடைமுறைல சோதனைக்கு வர்றது கல்யாணத்துல. முஸ்லிம் ஆண் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்ட ஷரீஅத்ல இடமிருக்கு, திருப்பிப் பாத்தா இல்ல, பிள்ளைங்க முஸ்லிமா வளரணும்ங்கறது அந்தப் பக்கத்து எதிர்பார்ப்பு. கத்தோலிக்கப் பெண்ணா இருந்தா பிஷப்கிட்ட விதிவிலக்கு வாங்கணும், பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னால ஆனதெல்லாம் செய்வேன்னு அந்தப் பொண்ணு வாக்குக் கொடுக்கணும். ரெண்டு சட்டமும் ஒரே குழந்தைய கேக்குது. நம்ம நாட்டுல பலர் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துல 30 நாள் நோட்டீஸ் கொடுத்து ரிஜிஸ்டர் பண்ணிக்கறாங்க, யாரும் மதம் மாற வேண்டியதில்ல. ஆனா பிறந்த குழந்தை காதுல பாங்கு சொல்றதா, தலைல தண்ணி ஊத்தறதாங்கறது அந்தச் சட்டத்துல இல்ல. அத கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் உக்காந்து பேசிடறது நல்லது, பெரியவங்க வந்து பேச ஆரம்பிக்கறதுக்குள்ள.