பனித்தளம் யாருடையது? மேற்கு லீக்கின் மூன்று கிளப் அணிகள்

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி என்றாலே பல்கலைக்கழகங்கள் அதிகாரபூர்வமாக நடத்தும் என்.சி.ஏ.ஏ. அணிகள்தான் பேச்சு. அதற்கு வெளியே, 1991இல் தொடங்கிய ஏ.சி.எச்.ஏ. சங்கத்தின் கீழ் நூற்றுக்கணக்கான கிளப் அணிகள் ஆடுகின்றன. பெரும்பாலான கிளப்புகளில் மாணவர்களே சந்தா கட்டித்தான் ஆடுகிறார்கள். அவற்றில் வெஸ்டர்ன் காலேஜியேட் ஹாக்கி லீக்கில் மோதிய மூன்றை எடுத்துக்கொள்கிறேன். கோப்பைகளை எண்ணி வரிசைப்படுத்துவது சுலபம். நான் முதலில் பார்ப்பது, அவர்கள் ஆடும் பனித்தளம் யாருடையது என்பதை.

கோப்பைக் கணக்கில் முந்துவது சென்ட்ரல் ஓக்லஹோமா பல்கலைக்கழகம். 2015, 2017 என்று இரண்டு முறை ஏ.சி.எச்.ஏ. முதல் பிரிவுப் பட்டம் வென்ற அணி. ஆடுவதோ எட்மண்ட் நகரின் ஆர்க்டிக் எட்ஜ் அரங்கில். சறுக்கப் பழகும் சிறுவர்களும் வந்துபோகும் ஊர்த் தளம் அது. வெற்றிக்கும் அரங்கின் பகட்டுக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வசதிக்கு லாஸ் வேகஸ். அங்குள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் யு.என்.எல்.வி. அணி 2005இல் தொடங்கியபோது அந்த நகரில் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்) அணியே இல்லை. 2017இல் கோல்டன் நைட்ஸ் வந்தது. அதன் பயிற்சிக் கூடமான சிட்டி நேஷனல் அரங்கே மாணவர்களின் சொந்தத் திடலும் ஆனது. பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஆனால் பார்வையாளருக்கு இடம் குறைவு. சில நூறு பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும்.

கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே ஆட ஆசைப்படுகிறவருக்கு என் தேர்வு டூசானின் அரிசோனா பல்கலைக்கழகம். 1979இல் ஐஸ்கேட்ஸ் என்ற பெயரில் தொடங்கி, ஏ.சி.எச்.ஏ. பிறக்கும் முன்பே, 1985இல், தேசியக் கிளப் பட்டம் வென்ற அணி இது. பாலைவன நகரின் நடுவே 1971இல் திறந்த மாநாட்டு மைய அரங்கில் ஆடுகிறது. அங்கே 6,000 பேருக்கு மேல் அமரலாம். குறையும் அங்கேதான். 2016 முதல், என்.எச்.எல்.லுக்கு அடுத்த நிலை லீக்கான ஏ.எச்.எல்.லின் ரோட்ரன்னர்ஸ் அணியும் அதே தளத்தில் ஆடுகிறது. தொழில்முறை அணியின் நாள் போக மிஞ்சியதுதான் மாணவர்களுக்கு.

பயணத்தில் மட்டும் மூவருக்கும் ஒரே தலைவிதி. டூசானிலிருந்து எட்மண்டுக்குச் சாலை வழியே 1,400 கிலோமீட்டருக்கும் மேல். திங்கட்கிழமை காலை வகுப்புக்கு அவர்கள் எப்படிக் கண்விழித்து உட்காருகிறார்களோ!

இந்தக் கிளப் வட்டத்தை விட்டு வெளியேறியது அரிசோனா ஸ்டேட் என்ற இன்னொரு பல்கலைக்கழகம். 2014இல் ஏ.சி.எச்.ஏ. பட்டம் வென்ற கையோடு, அதே ஆண்டு நவம்பரில் 3.2 கோடி டாலர் நன்கொடை அறிவிக்கப்பட்டது; 2015-16 சீசனில் என்.சி.ஏ.ஏ.வில் காலடி வைத்தது. நல்ல அரங்கு மட்டும் உடனே வாய்க்கவில்லை. சுமார் 5,000 இருக்கைகளுடன் முல்லெட் அரங்கு டெம்பியில் திறக்க 2022 ஆகிவிட்டது. அங்கே குடிவந்த முதல் விருந்தாளி, தன் பழைய அரங்கை இழந்து நின்ற என்.எச்.எல். அணியான அரிசோனா கயோட்டீஸ். இரண்டு சீசன்கள் அந்தத் தொழில்முறை அணிதான் கல்லூரி அரங்கில் குடித்தனக்காரர்.